நூறு வாட்டுக்குள் ஓர் ஆறு

சிதம்பரத்தில் மின்சாரத்தைக் கண்ணால் கண்ட ஒரே மனிதப் பிறவி எங்கள் மீட்டரக்காதான். மற்றவர்கள் விளக்கு எரிவதையும் விசிறி சுற்றுவதையும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள். அவரோ கட்டைவிரல் அளவுள்ள ஒரு மீட்டரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எந்தக் கேபிளில் எத்தனை வாட் ஓடுகிறது என்று வாசித்துச் சொல்வார். கடலூர் முதுநகர்க்காரர். கழுத்தில் ஒரு சிலுவையும் உண்டு. இரண்டில் எதை அதிகம் நம்பினார் என்று நான் கேட்டதில்லை.

கீழ வீதிக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி. நான் தமிழ் முதுகலை மாணவி. அவர் அனிமேஷன் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். நான் அறைக்குக் குடிவந்த அன்றே என் மடிக்கணினியிலிருந்து கேபிளைப் பிடுங்கி மீட்டரில் மாட்டினார்.

"இது கேபிளா, வாழநாரா? சார்ஜரு அறுபத்தஞ்சு குடுக்குது, இது பாதிகூட உள்ள வுடல. பாவம், பசியோட கெடக்குது."

என் பெயரை அவர் கேட்டது மறுநாள்தான்.

அவருடைய மடிக்கணினி, மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் ஜாதி. அதன் சொந்தச் சார்ஜர் இருநூற்று நாற்பது வாட், உருவத்தில் செங்கல். அதைப் பேருந்தில் சுமக்க முடியாமல், நூறு வாட் டைப்-சி சார்ஜர் ஒன்றையும் வைத்திருந்தார். கணினியில் டைப்-சி துளைகள் இரண்டு. ஒன்றுதான் சார்ஜ் வாங்கும். பொட்டு வைக்கும் பழக்கம் இல்லாத அவர், என்னிடம் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி அந்தத் துளையின் தலையில் ஒட்டினார். "எனக்கு எதுக்கு? அதுக்குத்தான் அடையாளம் வேணும்."

அந்த நாள் வந்தது. ஒரு நிறுவனம் அவரிடம் ஒரு நிமிடப் படம் கேட்டிருந்தது. மாலை ஐந்துக்குள் அனுப்பினால் வேலைக்குப் பரிசீலிப்பார்கள். தாண்டினால் கதவு மூடிவிடும். முந்தைய இரண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே கதவை மூடியிருந்தன. படத்தில் புவனகிரிக்கு அருகே வெள்ளாறு ஓடும். தண்ணீரின் ஒவ்வொரு மினுக்கலையும் கணினி கணக்கிட்டு வரைய வேண்டும்.

அன்று காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது வார்டன் சோதனைக்கு வந்தார். செங்கல்லைத் தொட்டார், கையை உதறினார்.

"இன்னா இது, ஹீட்டரா?"

"மடிக்கணினியின் மின்னேற்றி" என்றேன்.

வார்டனின் முகத்தில் சந்தேகம் இரட்டிப்பானது. "சூடாவுற சாமான் எதுவும் ரூம்ல இருக்கக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்குல்ல?" செங்கல் அவருடைய அலமாரிக்குள் போனது. சாவி அவர் இடுப்போடு, திருவந்திபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போனது. நான் தடுக்கவில்லை. உரத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மீட்டரக்கா எட்டு முறை தொலைபேசியில் அழைத்தார். மேளத்தில் எதுவும் வார்டனின் காதில் விழுந்திருக்காது. பிறகு நூறு வாட் சார்ஜரைப் பொட்டுக்குக் கீழே செருகி வேலையைத் தொடங்கினார்.

அப்போதுதான் என் வாழ்வின் பேரதிர்ச்சியைக் கண்டேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. எண்ணோ எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று இறங்கியது.

"அக்கா, செருகியிருக்கும்போதே குறைகிறதே!"

"நூறு உள்ள வருது, நூத்தி எழுவது தின்னுது. கொறயாம?"

செய்தி பரவி, மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் தத்தம் செல்பேசிச் சார்ஜர்களோடு வந்து நின்றார்கள். "எல்லாத்தையும் சேத்துச் சொருவுங்கக்கா, கூடிடும்ல?"

"போங்கடீ, இதென்ன மொய்யா, சேர்த்துக்கிட்டே போறதுக்கு? நாலு சொருவுனாலும் ஒண்ணுலதான் வாங்கும்."

இதே வேகத்தில் ஓட்டினால் மதியத்துக்குள் பேட்டரி செத்துவிடும். வேகத்தை நூறு வாட்டுக்குள் அடக்கினால் எண் இறங்காது. ஆனால் படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் ஏழு நிமிடம் பிடிக்கும். முடிய மாலை ஆறாகும். அவர் வேகத்தை அடக்கினார், கட்டிலில் உட்கார்ந்தார். மீட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

படத்தின் கடைசிப் பத்து நொடியில் கொக்குக் கூட்டம் ஒன்று வானத்தில் பறந்து, சூரியன் மறைந்து, தங்க நிறத்தில் 'நன்றி' என்று வரும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அக்கா, ஆறு வளைவில் மறைகிற இடத்திலேயே படம் முடிந்துவிட்டது. கொக்குகள் அதை விளக்குகின்றன. விளக்க வேண்டியதில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. மேசை நாற்காலி பேசியிருந்தால்கூட அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்.

"எம் கொக்குடீ அது! ஒவ்வொண்ணுக்கும் றெக்க நான் செஞ்சது!"

"தெரியும்" என்றேன். "இருந்தாலும்."

திரையை முறைத்தார். பிறகு பத்து நொடியை வெட்டி எறிந்தார்.

நான்கு ஐம்பதுக்குப் படம் முடிந்தது. நான்கு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தரைக்கு வார்டன், கல்யாண லட்டோடும் செங்கல்லோடும் வந்து, "இந்தா உன் ஹீட்டரு" என்றார்.

மூன்று வாரம் கழித்து வேலை கிடைத்தது. மீட்டரக்கா அறை வாசலில் நின்று, தம் அம்மாவோடு தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"முடிச்ச எடம் நல்லாருக்குன்னு சொன்னாங்கம்மா. அது நான் இல்ல, என் ரூம்மேட்டு. வருசத்துக்கு நாலு வார்த்ததான் பேசும் அந்தப் பொண்ணு. இந்த வருசத்து நாலையும் எனக்கே குடுத்துடுச்சு."

நான் காதில் விழாதவளைப் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துப்பட்டாவை மூன்று முறை மடித்திருந்தேன்.