நுரை கக்கிய உப்புமா

என் வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது இதைச் சொல்ல வெட்கமில்லை. ஒரு காலத்தில் இருந்தது.

தேயிலை விலை விழுந்து, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்ட சமயம். நான் எங்கள் மலையிலேயே கேத்தி என்ற ஊரில் கேரட் கழுவும் இடத்துக்கு வேலைக்குப் போனேன்; சமையலை அவர் எடுத்துக்கொண்டார். ஃபேக்டரியில் தூளைச் சலித்துத் தரம் பிரித்தவர் அல்லவா? டப்பாக்களையும் அப்படியே அடுக்கினார். பருப்பில் தொடங்கிப் பொடிப்பொடியாக இறங்கி மாவில் முடியும். (பெயர் எழுதி ஒட்டச் சொன்னால் கோபம் வரும்.)

இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்துத் திருப்பூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். தம்பியைப் பனியன் கம்பெனியில் சேர்த்துவிடக் கையோடு கூட்டிப்போகும் எண்ணம். தம்பி கரண்டி பிடிப்பதைப் பார்த்தால் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார். அப்புறம் நானும் பிள்ளைகளும் இந்தக் குளிரில் தனியாக எப்படி இருப்பது?

"ஏனுங்க, பின்னால போயி வெறகு பொளந்துட்டு இருங்க" என்று அவரை விரட்டிவிட்டு உப்புமா கிளற நின்றேன். எப்படியோ ரவை கிடைத்தது. உப்பு மாதிரி வெள்ளையாக இருந்ததைக் கொதிக்கிற தண்ணீரில் தாராளமாகப் போட்டேன். பொங்கியது. ரவையைக் கொட்டிக் கிளறி ருசி பார்த்தால் துணி சோப்பு! சரிக்கட்ட எலுமிச்சம்பழம் பிழிந்தேன். (மூளைக்கு அன்று லீவு.) சட்டி சீறியது.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். "ஏம்புள்ள, உப்புமாவுல எதுக்கு நொர வருது?"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கோடரியோடு ஓடிவந்தார். "ஆப்பசோடாவப் போட்டுட்டயா? உப்பு அதுக்கு முந்தின டப்பான்னு எத்தன தடவ சொல்றது!"

குட்டு உடைந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தக்காளி சாதம் செய்தார். நாத்தனார் சாப்பிட்டார், இன்னொரு தடவை வாங்கியும் சாப்பிட்டார்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"ஃபேக்டரி மூடுனதுல இருந்துங்க அண்ணி. அவரு ஊட்டு வேலையப் பாக்கறாரு, நான் சம்பாரிக்கறேன். ரெண்டு பேரும் பேசி வெச்ச ஏற்பாடு. அவர அனுப்ப மாட்டேனுங்க."

என் குரலைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது. நாத்தனார் என் உப்புமாவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "இவனக் கூட்டிட்டுப் போனா இதுக கதி என்னாவறது?" என்றார். தனியாகவே பஸ் ஏறினார்.

பிறகு ஃபேக்டரி திறந்தது, அவர் வேலைக்குப் போனார். அடுப்படி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. இன்றும் எங்கள் குடும்பத்தில் விசேஷமென்றால் நாத்தனார்தான் முதலில் குரல் கொடுப்பார்: "அவள அடுப்புப் பக்கம் உட்றாதீங்க! ஒரு சேர் போட்டு உக்கார வைங்க!" நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் பந்திக்குச் சமைப்பதை வேடிக்கை பார்ப்பேன்.