தோளில் வந்த குட்டிக் கார்

பைத்தியம் பிடித்தவனிடம் கலியாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒப்படைத்தார்கள். (பைத்தியம் நான்தான், கலியாணம் என் தங்கை ஜெசிந்தாவுக்கு.)

என் பைத்தியம் ஜப்பான்காரரின் பழைய குட்டிக் கார்கள். மோட்டார் சைக்கிள் அளவு எஞ்சினைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, முன்னால் அப்பாவி முகத்தோடு நிற்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது ஒரு பழைய சஞ்சிகையில் படம் பார்த்து மயங்கினேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியதும் எல்லோரும் வீட்டுத் திட்டத்துக்கு அலைய, நான் குட்டிக் காருக்கு அலைந்தேன். கடைசியில் வெள்ளாங்குளத்தில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டு வளவில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கூரையில்லை, காருக்கு இருந்தது. உள்ளே எங்களுக்கு முன்பே கோழிகள் மீள்குடியேறியிருந்தன.

பள்ளிமுனைக்குக் கொண்டுவந்து, திருத்தி, ஓடவும் வைத்துவிட்டேன். அதன்பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணப் பொம்பிளையை இதில்தான் கோயிலுக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"வான் பிடிப்பம் தம்பி," என்றார் அப்பா, கலியாணத்தன்று காலையிலும். "பங்குச் சுவாமிக்கு அடுத்த ஊரில பூசை இருக்கு, பிந்தினா நிக்கமாட்டார். இந்தக் கிழமை தவக்காலம் தொடங்குது. இண்டைக்கு விட்டா, கலியாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான்."

"அப்பா, இது ஜப்பான் சாமான். நடுவழியில நிக்காது."

கழுத்துப்பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான், கடற்றொழில் செய்யும் மச்சான் சூசையிடம் எண்ணெய் விடும் வேலையைக் கொடுத்தேன். "இதுவும் உன்ர போட் எஞ்சின் மாதிரித்தான். கலந்துதான் விடவேணும்," என்று பெரிய நிபுணர்போல் விளக்கம் வேறு.

ஜெசிந்தா ஏறியதும் அவளுடைய வெள்ளை வலைத்துணி உடுப்பு கார் முழுவதையும் நிரப்பிவிட்டது. கொஞ்சத் தூரம் ராசாபோல் போனோம். பிறகு பின்னாலிருந்து கரும்புகை கிளம்பியது. ரோட்டில் படுத்துக்கிடக்கும் மன்னார்க் கழுதைகள் பஸ்ஸுக்கே வழிவிடாதவை. அன்று எழும்பி ஓடின.

"அண்ணா, மண்ணெண்ணெய் மணக்குது!" என்றாள் ஜெசிந்தா. கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சுற்றிவர மழைத் தண்ணீர்.

பின்னால் சைக்கிளில் வந்த சூசையைப் பிடித்தேன். "என்னடா விட்டனீ?"

"போட்டுக்கு விடுறதுதான். மண்ணெண்ணெயும் எண்ணெயும். நீதானே சொன்னனீ!" பெற்றோல் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

கோயில் மணி அடித்தது. ஜெசிந்தாவின் முகம் அழுகைக்குப் போனது. ஈஸ்டர்வரை அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

சூசை கரைப் பக்கம் திரும்பி ஒரு விசில் அடித்தான். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "தள்ளினா சேறு அடிக்கும். தூக்குங்கோடா!" போட்டைக் கரையேற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு பாரமா? மரக்கொம்புகளை அடியில் கொடுத்து, பொம்பிளையோடு சேர்த்துக் காரைத் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

நான் இறங்கியிருக்கலாம். மனம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். (கோயில் மூலையில் திரும்பும்போது ஹோர்னும் அடித்தேனாம். எனக்கு ஞாபகமில்லை.)

தோளில் எது வந்தாலும் புனிதரின் சுரூபம் வரும் திருநாள் கூடு என்றே எங்கள் சனத்துக்கு நினைப்பு. வாசலில் நின்ற பெண்கள் காரைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார்கள். புறப்படத் தயாராக நின்ற சுவாமி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பவும் உள்ளே போனார். கலியாணம் நடந்தது. படங்களில் ஜெசிந்தாவின் சிரிப்பு வெள்ளை, உடுப்பு சாம்பல்.

இப்போது ஜப்பான்காரர் அந்தப் பழைய அப்பாவி முகத்தையே வைத்துப் புதுக் குட்டிக் கார்கள் செய்கிறார்கள். ஜெசிந்தாவும் ஒன்று வைத்திருக்கிறாள். "அண்ணா, இது பெற்றோலில ஓடும், ஆக்களில இல்லை," என்று சொல்லித்தான் என்னை ஏற்றுவாள். அதில் போகும்போது எனக்குப் பரம சந்தோசம்.

ஒவ்வொரு திருநாளிலும் கூடு கோயில் மூலைக்கு வரும்போது, தோள் கொடுக்கும் சூசை ஒரு கணம் நின்று என்னைத் தேடுவான்.

"மச்சான், ஹோர்ன்!"

நானும் வாயாலேயே அடிப்பேன். அதன்பிறகுதான் கூடு திரும்பும்.