மாப்பிள்ளை வாத்து

வாத்து கவிழ்ந்துவிட்டது.

வயிறு மேலே, தலை தண்ணீருக்குள்ளே. முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற மருந்துக்கடைக்காரருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

கரைமேட்டில் மடக்கு நாற்காலி போட்டு, பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, நாணலுக்குள்ள என்ன பண்றீங்க?"

"ஷூவுக்குள்ள கல்லு!"

"கல்லெடுக்கத் தண்ணிக்குள்ளயா இறங்கணும்?"

கல்யாணமான புதிதில், இதே பின்பனிக்காலத்தில், இந்த மலை நீர்த்தேக்கத்துக்கு முதன்முதலாக வந்தார்கள். ஒரு செந்தலை வாத்து ஓயாமல் சிறகைக் கோதிக்கொண்டே இருந்தது. "மாப்பிள்ளைக்கு என்ன சிங்காரம் பாருங்க!" என்று சிரித்தாள். பெயர் நின்றுவிட்டது. வருஷம் தவறாமல் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். ஒரே பிளாஸ்க், அதன் ஒரே மூடியில் மாற்றி மாற்றித் தேநீர். அப்புறம் ஏனோ அந்த வாத்துகள் வருவதை நிறுத்திக்கொண்டன.

போன வருஷம் மட்டும் ஒன்று வந்தது. கடையை ஒரேயடியாக மூடிவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தவரை அவள்தான் இழுத்துவந்தாள். தூரத்தில் ஆடாமல் அசையாமல் மாப்பிள்ளை. "நீங்க பாருங்க, எனக்குக் கண்ணு கூசுது" என்று பைனாகுலரை அவரிடமே கொடுத்துவிட்டாள். பார்த்துப் பார்த்து அழுதார். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இந்த வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். ஒரு மாதமாக அதே பேச்சு. "இனிமே இந்த மேட்ட ஏறுவேனோ என்னமோ. ஒரு தடவ மாப்பிள்ளைய பாத்துட்டா, தைரியமாப் போய்ப் படுத்துக்குவேன்."

அதற்காகத்தான் கடையில் மிஞ்சிய தெர்மாகோல் பெட்டியைத் தேடியெடுத்தார். பெட்டி இருந்தது, மூடியைத்தான் காணோம். பெட்டியைச் செதுக்கி, மார்புக்குக் கரியும், தலைக்குப் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தும் பூசினார்.

இப்போது அது தலைகீழாகக் கிடக்கிறது. சட்டைப் பையிலிருந்த இருமல் மருந்து பாட்டிலை அதன் வயிற்றில் வைத்து, பிளாஸ்திரியால் சுற்றினார். வாத்து நிமிர்ந்தது. காற்று அதை நடுநீருக்குக் கொண்டுபோனது. ஆனால் வால் முன்னே, தலை பின்னே.

"ஏங்க! மாப்பிள்ளை வந்துட்டாருங்க!"

"எங்க? எங்க?" என்று மூச்சிரைக்க மேடேறினார்.

"என்ன, பின்னாடியே போறாரு?"

"நம்மள மாதிரிதான். பழசப் பாத்துக்கிட்டே போறாரு."

அவள் சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளே என்று இவருக்கும் கண் நிறைந்தது.

பக்கத்திலிருந்த கேமராக்காரன் அலறினான். "சார், அது கழுத்துல ரத்தம்!"

சிவப்பு மருந்து கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வயசானா சாயம் போகும்."

"பறவைக்கா?"

"எனக்கே போகுதே!"

அவன் நம்பவில்லை. காவல்காரரைக் கூப்பிட ஓடினான். அதற்குள் வாத்தை விரட்டுவதுபோலாவது காட்டலாமென்று, "போ! போ!" என்று கைதட்டினார். நீர்த்தேக்கத்திலிருந்த அத்தனை பறவைகளும் மேலே கிளம்பின. மாப்பிள்ளை மட்டும் நிதானமாக மிதந்தார்.

"காது கேக்காது போல" என்றார்.

"ஆமா. மாப்பிள்ளைங்களுக்கு வயசானா வர்றதுதான்" என்றாள்.

வாத்து மெல்ல மதகுச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியது. மருந்துக்கடைக்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் காவல்காரர் கொக்கிக் கழியால் அதை இழுத்துக் கரையில் போட்டிருந்தார். வயிற்றில், 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று எழுதியிருந்தது.

காவல்காரர் அதைப் படித்தார். இவரைப் பார்த்தார். பின்னால் ஓடிவந்த கேமராக்காரனைப் பாதி வழியிலேயே நிறுத்தி, "நீங்க போங்க தம்பி, வைத்தியம் நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்தார்.

"அண்ணே" என்று மருந்துக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டம்மாவுக்காக விட்டது. அவ சந்தோஷமா இருக்கா. அவ காதுல மட்டும் விழுந்துடக் கூடாது."

காவல்காரர் வாத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"என்னை நம்புங்க சார். போன வருஷம் உங்களுக்காக அம்மா விட்ட வாத்தைப் பத்தியே நான் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலையே!"