திரும்பு அக்காவின் பொம்மை வண்டி

வாங்க வந்தவரை முதுகு காட்டி நிற்கவைத்து வியாபாரம் செய்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். திருவான்மியூர் கடற்கரையில், என் பஜ்ஜிக் கடைக்கு அடுத்த பொம்மை வண்டி. பெயர் தெரியாது. நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் 'திரும்பு அக்கா'.

சட்டம் ஒன்றுதான். பிள்ளை பொம்மை எடுக்கும்வரை அப்பா அம்மா கடலைப் பார்த்து நிற்கவேண்டும்.

"குயந்த கைய நீட்டறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாக்குது. மூஞ்சி கோணிச்சுன்னா கைய இஸ்துக்குது. திரும்பு!"

ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும். பத்துப் பேர் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்பார்கள். ஒரு தடவை ஒரு போலீஸ்காரர், யூனிபாரத்தோடு. அவரும் திரும்பினார்.

மயிலாப்பூர் அம்மா ஒருத்தர் பெண்ணோடு வந்தார்.

"எங்காத்துல பொண்ணுன்னு கவுன் போட்ட பொம்மையெல்லாம் வாங்கித் தரதே இல்லை. ஏரோப்ளேன் எடுத்துக்கோடி கண்ணா."

"நீ திரும்பு."

திரும்பினார். பெண் ரோஸ் கவுன் பொம்மையை எடுத்துக் கட்டிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏரோப்ளேன நீ வாங்கிக்கினு போ, நீ வெளாடு" என்றார் அக்கா. அந்த அம்மா வாங்கிக்கொண்டுதான் போனார்.

நான் கேட்டேன். "இன்னாக்கா, அப்போ பொண்ணுக்கு பொம்ம ஆச பொறக்கும்போதே வந்துருதா?"

"பொண்ணுங்க கை பொம்ம பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி போவுது. பசங்க கை வண்டி பக்கம். யாரும் பாக்காட்டியும் போவுது. அது உள்ள கீது, நைனா. மிச்சம் உங்க மூஞ்சில கீது."

என் பையனுக்கு அப்போது மூன்று வயது. கரண்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான்.

"இன்னா மாப்ள, பையன பொம்பளப் புள்ள கணக்கா வளக்கறீங்க?" என்றார் மாமனார்.

மானப் பிரச்சினை. பிறந்தநாளுக்கு அக்கா வண்டியில் கார்தான் எடுப்பான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பையனுக்கு நாலு நாள் சொல்லிக் கொடுத்தேன்: செவப்பு கார், செவப்பு கார்.

பிறந்தநாளன்று பையனோடு வண்டி முன்னால் போய் நின்றேன். "பக்கத்து கடைன்னா உனக்கு சட்டம் இல்லியா? திரும்பு" என்றார் அக்கா.

கடலைப் பார்த்து நின்றேன். பின்னால் கார் சக்கரம் கிர்ரென்று ஓடியது. சந்தோஷம். அப்புறம் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பையன் கையில் குட்டி வாணலி.

"டேய், கார்னு சொன்னேனேடா."

பையன் என் முகத்தைப் பார்த்தான். வாணலியைக் கீழே வைத்தான். காரை எடுத்தான்.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ தெனம் இன்னா பண்ற?"

"பஜ்ஜி போடறேன்."

"அவன் தெனம் யாரப் பாக்கறான்?"

"என்னத்தான்."

"ஒரு ஆம்பளயப் பாத்துதான கத்துக்கினு கீறான்? போ, மூஞ்சிய சரி பண்ணிக்கினு வா."

கடல் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சிரித்தேன். எனக்குப் பழக்கமில்லை. பையன் முதலில் கொஞ்சம் பயந்தான். அப்புறம் காரை வைத்துவிட்டு வாணலியை எடுத்தான்.

சாயங்காலம் கடைக்கு வந்த மாமனாருக்கு அந்த வாணலியில் மணல் பஜ்ஜி போட்டுக் கொடுத்தான். அவர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சட்னி எங்கடா?" என்றார்.

தூறல் போட்டால் பஜ்ஜி நன்றாக ஓடும். ஆனால் அக்கா வண்டி வராது. எனக்கு மழை பிடிப்பதில்லை.