மேற்படி காது

அறுபது வயது தாண்டிய குடிமக்கள் அனைவரும் நன்றாகக் கேட்கவும் நன்றாகப் பார்க்கவும் வேண்டும் என்று ஓர் உயர்மட்டக் கூட்டத்தில் முடிவாயிற்று. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே, ஏரிப் பக்கம் இருக்கும் ஒரு குப்பத்தில் அந்த முடிவு வேனில் வந்து இறங்கியது. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் முன்னால் பந்தல் போட்டார்கள். காது கேட்காதவர்கள் தவறாமல் வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் நாள் முழுக்க அறிவித்தார்கள்.

கங்காதரனுக்கு அது கேட்கவில்லை. மனைவி மணியம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கடலில் ஃபைபர் படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த காது அவருடையது. காதோரம் கத்தினாலொழிய வெளிச்சத்தம் எதுவும் எட்டாமல் போய், உள்ளே மட்டும் விசில் மாதிரி ஓர் இரைச்சல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் புரை வேறு. எதிரே வருவது ஆளா மாடா என்பதைக் கிட்டே வந்த பிறகுதான் முடிவு செய்வார்.

அவருக்குக் காது மெஷின் அவசரம். வரும் ஞாயிறு குப்பத்தில் பாடு எடுக்கிறார்கள். ஏரியில் இந்த வருஷம் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பெயர் கூப்பிடுவார்கள். அவனவன் வாயாலேயே "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்து ஆள் சொன்னால் செல்லாது. பொம்பளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பாடு அடுத்தவனுக்கு. போன வருஷம் கங்காதரன் முதல் வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்தபடியே தன் பாட்டைப் பறிகொடுத்தார்.

முகாமிலும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து பாதிப் பேர் "வரவில்லை" ஆகிவிட்டார்கள். அத்தனை பேரும் பந்தலுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கங்காதரன் பெயர் வந்ததும் மணியம்மாள் விலாவில் ஓர் இடி இடித்து அவரைக் கூட்டிப் போனாள். அலுவலர் மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தார்.

"கூப்பிட்டதும் வந்துட்டாரே. அப்ப காது கேக்குது."

"நான் இடிச்சேன் சார். அதான் வந்தாரு."

"இடிக்காம விட்டிருந்தா?"

"அங்கயே குந்தினு இருப்பாரு."

"அப்ப வரலைனு எழுதியிருப்போம். வராதவருக்கு எப்படிம்மா மெஷின் குடுக்கறது?"

மணியம்மாள் யோசித்தாள். "யாருக்குத்தான் சார் குடுப்பீங்க?"

"காது கேக்கக் கூடாது. கூப்பிட்டா வரணும்."

"அந்த மாதிரி ஆளு எங்க குப்பத்துல இல்ல சார். உங்க ஆபீஸ்லனா நிறைய இருப்பாங்க."

பரிசோதனைக்கு இடையூறு விளைவித்த காரணத்தால் மணியம்மாள் வெளியே அனுப்பப்பட்டாள்.

மோகன்குமார் கங்காதரனின் காதில் வாயை வைத்துக் கத்தினார். "பெரியவரே, காதுக்கு என்ன?"

"எந்நேரமும் சத்தம் சார். ஙொய்னு. படுத்தாலும் கேக்குது, எழுந்தாலும் கேக்குது."

"கேக்குதுன்றீங்க."

"நல்லா கேக்குது சார். அது ஒண்ணுதான் கேக்குது."

மோகன்குமார் அசந்துபோனார். சத்தம் இருந்தால் கேட்பது எல்லோருக்கும் இயல்பு. இல்லாத சத்தமே இவருக்குக் கேட்கிறது. எழுதினார்: "மேற்படி நபரின் மேற்படி காதில் ஒலி இடையறாது கேட்பதாக அவரே ஒப்புக்கொண்டபடியால், அன்னாரின் செவித்திறன் சராசரிக்கும் மேற்பட்டது எனச் சான்றளிக்கப்படுகிறது."

அடுத்த மேஜையில் கண். எழுத்துப் பலகையைக் காட்டி, படிக்கச் சொன்னார்கள். சொன்னது கேட்கவில்லை, பலகை தெரியவில்லை; சும்மா நின்றார். எழுத்தறிவற்றவர் என்று குறித்து, முதியோர் கல்விக்குப் பரிந்துரைத்து, கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் மோகன்குமார் இரண்டு விரலால் இதயம் காட்டினார்.

கங்காதரன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் கண்ணுக்கு அதில் ஊதா சீல் மட்டும் தெரிந்தது. மணியம்மாளுக்குப் படிப்பு கிடையாது.

"எனக்குக் காது கேக்காதுனு எழுதி சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. மெஷினு எதுக்கு? இதைக் காட்னா பாடு நம்முளுது."

ஞாயிற்றுக்கிழமை குப்பம் கூடியது. கூப்பிட்டால் வருகிற செவிடனுக்குத்தான் மெஷினாம் என்று சொல்லி, தலைவர் அங்கமுத்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரித்து முடித்துச் சீட்டை எடுத்தார்.

"கங்காதரன்."

மூன்று தரம் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த பொன்னுரங்கம் தொட்டதும் கங்காதரன் எழுந்து, பெருமையாகக் காகிதத்தை நீட்டினார். அங்கமுத்து அதைத் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசியில், துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பால்ராஜ் வாங்கி உரக்கப் படித்தான்.



"செவிடுனா போனாப் போவுதுனு விட்டிருப்போம்," என்றார் அங்கமுத்து. "நம்மளவிட நல்லா கேக்குதுனு கவர்மென்டே எழுதிக் குடுத்துக்கீது. கேட்டுக்கினே வாய மூடினு குந்தினா இன்னா அர்த்தம்? சபைய மதிக்கலனு அர்த்தம்."

"இல்ல தலைவரே, அவருக்கு நெசமாவே..." என்று பொன்னுரங்கம் எழுந்து நின்று இழுத்தார்.

"சீலு பொய் சொல்லுமா?"

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். கங்காதரனுக்கு இந்த வருஷமும் பாடு கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் அங்கமுத்து. முன்வரிசையில் பாதிப் பேருக்கு அது காதில் விழவில்லை. பக்கத்து ஆள் தூக்கியதைப் பார்த்துத் தூக்கினார்கள். மங்கலாகச் சுற்றிலும் கைகள் எழுவது கங்காதரனுக்குத் தெரிந்தது. தனக்குத்தான் பாடு கொடுக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய், எல்லோரையும்விட உயரமாகத் தன் கையைத் தூக்கினார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.