கக்கூஸ் குழிக்குள் ஒரு நாகரிகம்

கண்காட்சிகளில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை ஒருவன் கடைசி வரி வரை படிக்கவே கூடாது. படித்துத் தொலைத்தாலும் அதன்படி நடக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

செந்துறை கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டை முன்னும் பின்னும் நகலெடுத்தே ஆயுசு போகிறதே என்ற எரிச்சலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் தொல்லியல் துறைக்காரர்கள் போட்டிருந்த கண்காட்சிக்குப் போனேன். உடைந்த பானை ஓடுகள், பாசிமணிகள், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய தாழி. வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். நிலத்தைத் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் தொடாதீர்கள், உடனே தகவல் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து நான் தரையைப் பார்த்துத்தான் நடந்தேன். ரோட்டோரம் கிடந்த ஓட்டுச் சில்லைக்கூட எடுத்து வந்து கழுவிப் பார்த்தேன். (அது எதிர்வீட்டுக் கூரை ஓடு. திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள்.)

அந்தச் சமயத்தில்தான் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். திருச்சியில் ஆபரேஷன். அம்மா துணைக்கு அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இருந்ததோ குந்தி உட்காரும் கக்கூஸ் மட்டும். அப்பா ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். ஆயுசு முழுக்க நின்றே வேலை பார்த்தவர், இன்னொருத்தர் கைத்தாங்கலாகப் பிடித்தாலே கூசிப்போவார். ஆஸ்பத்திரியில் படுக்கையிலேயே பாத்திரம் வைத்ததற்குக் கண்கலங்கினாராம். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொல்லையில வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டிரு தம்பி, அது போதும் அவருக்கு" என்று அம்மா போனில் சொன்னார். என்னை நம்பிச் சொன்னார், பாவம்.

மேஸ்திரி ராசேந்திரன் வந்து கக்கூஸுக்குச் சிமெண்ட் உறை இறக்கக் குழி வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை எதிலோ தட்டியது. எட்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் ஒரு கலயம், வாயில் மூடி வைத்தது.

"பழைய சட்டி தம்பி. தூக்கி ஓரமாப் போட்டுட்டு வேலையப் பாப்போம்" என்றார் மேஸ்திரி.

"கைய வைக்காதீங்க" என்றேன். என் குரலைக் கேட்டு நானே அசந்துபோனேன். அத்தனை கம்பீரம்.

என் மனைவி செல்வி பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக்காரி. கோட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்குப் பழமை என்றால் ஒரு மரியாதையும் கிடையாது. "ஏங்க, அத்தைக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க. கொல்லையில எது எங்க கெடக்குன்னு அவங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

"சோழர் காலத்தப் பத்தி எங்கம்மாகிட்ட கேக்கச் சொல்றியா?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பிய போட்டோவில் கலயத்தைவிட என் முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது. பாவம், வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்து பார்த்துவிடுகிறோம் என்றார்கள்.

"அதுவரைக்கும் நான் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கவா? ஆண்டிமடத்துல ஒரு வேலை நிக்குது" என்று மேஸ்திரி மண்வெட்டி கடப்பாரையை எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வரலாறு தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. அது குழந்தைகளைப் புதைக்கும் சின்னத் தாழியாக இருக்கலாம், உள்ளே எச்சங்கள் இருக்கக்கூடும் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். "கவர்மெண்டு தெருவையே எடுத்துக்குமாமே? நான் மாடி கட்ட செங்கல் எறக்கி வச்சிருக்கேன்டா" என்றார்.

"இந்தத் தெருவோட வயசு என்னன்னு தெரியுமா சித்தப்பா?"

"தெரியாம என்ன, ஒன்ன விட ஒரு வயசு கூட. உங்கப்பன் வூடு கட்டுனப்பதான் தெருவே வந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலை ஒரு இளம் பெண் அதிகாரி வந்தார். குழிக்குள் இறங்கி, மண்ணைச் சின்னப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி, மூடியைத் திறந்தார். உள்ளே இறுகிய மண், துருப்பிடித்த ஆணி ஒன்று, கறுத்த காசு ஒன்று. காசைத் துடைத்து வெயிலில் காட்டினார். தாமரை தெரிந்தது. எனக்குப் புல்லரித்தது.

"சார், இது இருபது பைசா" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் கார் வந்து நிற்க வேண்டும்? அம்மா இறங்கிக் கொல்லைக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கூறு கெட்டவனே, அத ஏன்டா தோண்டுன? நீ பொறந்தப்ப உன் நஞ்சுக்கொடிய ஆணி, காசோட போட்டு உங்கப்பா பொதைச்ச கலயம்டா அது. நாய் நரி இழுக்காம இருக்கணும்னு ஆழமாத் தோண்டுனாரு."

சித்தப்பாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அதிகாரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தகவல் சொன்னது நல்லதுதான் சார். குழந்தையோட எச்சம்னு சொன்னீங்களே, அதுவும் பாதி சரிதான்" என்றார். கலயத்தை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடமே ஒப்படைத்தார். என்னை நானே கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காருக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "திருச்சியிலேருந்து அடக்கிக்கிட்டு வரேன். கக்கூஸ் எங்கடா?"

செல்விதான் கத்தியைச் சூடாக்கி, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுப் பழைய கக்கூஸின் மேல் வைத்தாள். நானும் கார் டிரைவரும் அப்பாவைத் தூக்கிப் போய் உட்கார வைத்தோம். நாற்காலி ஆடியதால் விடவும் முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றோம். அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார். பார்க்கவே எனக்கு அழுகை வந்தது. என் மீதே அத்தனை ஆத்திரம்.

அதற்கப்புறம் ஆண்டிமடத்துக்கு நடையாய் நடந்து, மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தேன். கக்கூஸ் முடிந்த அன்று அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல், தனியாகவே உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தவர், "மியூசியம் நல்லாருக்குடா" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். போன மாதம் என் மகள் வகுப்பில், யாரெல்லாம் மியூசியம் பார்த்திருக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டாராம். இவள் எழுந்து, "எங்க வூட்லயே இருக்கு மிஸ். தாத்தா காலைல பேப்பரோட உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டாரு" என்றிருக்கிறாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகளை எல்லாம் அழைத்து வரலாமா, எந்த நேரம் திறந்திருக்கும் என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டார்.