விருந்தில் கலைந்த ஒப்பந்தம்

மேஜையின் அந்தக் கோடியில் வெளியுறவு மந்திரியின் மனைவி மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.

மந்திரி சூப் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தில் அண்டை நாட்டுத் தூதர். ஆறடி உயரம், நரைத்த கிருதா. இருவருக்கும் நடுவே நாற்காலியைச் சற்றுப் பின்னால் போட்டுக்கொண்டு அரசாங்க மொழிபெயர்ப்பாளர். தூதருக்கு இவர்கள் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அப்படியிருந்தும் இந்தச் சிரிப்பு!

திரும்பும்போது காரில் மனைவி சொன்னாள், "என்ன மனுஷன் அவரு! பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"நான் பேசினா?"

"எப்ப முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருக்கலாம்."

மறுநாள் காலை, அந்த நாட்டோடு கையெழுத்தாக வேண்டிய நதிநீர் ஒப்பந்தத்தை மந்திரி ஒத்திவைத்தார். ஒப்பந்தம் இல்லையென்றால் விருந்து இல்லை; விருந்து இல்லையென்றால் சிரிப்பும் இல்லை. அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு.

ஆனால் அது தேர்தல் நேரம். "அண்டை நாட்டுக்குக் குனிந்து கும்பிடு போடும் அரசு" என்று ஊர் ஊராகத் திட்டிக்கொண்டிருந்த எதிர்க்கட்சி வாயடைத்துப் போயிற்று. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் இதற்குத் 'தன்மானக் கொள்கை' என்று பெயரே வைத்துவிட்டார். தனக்கு ஒரு கொள்கை இருப்பது மந்திரிக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிரதமர் போனில் கூப்பிட்டார். "பிரமாதம்யா! இந்த முறுக்கு தேர்தல் வரைக்கும் தளரக் கூடாது. அந்தத் தூதரை வரச்சொல்லி நேருக்கு நேர் கண்டிச்சிடு."

"நேர்லயா? எழுதி அனுப்பிடலாமே..."

"ஜனங்க பார்க்கணும்யா!"

தூதர் வந்தார். வாசலில் கேமராக்கள் காத்துக்கிடந்தன. மந்திரி மேஜையைத் தட்டி, பல்லைக் கடித்து, மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தணிந்த குரலில் தூதர் காதில் சொன்னார். தூதர் மலர்ந்த முகத்தோடு எழுந்து, மந்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றான்?"

"வீட்ல அம்மா சௌக்கியமான்னு கேக்கறாரு சார்."

மந்திரி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். அன்று மாலையே தூதரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார்.

பதிலுக்கு அந்த நாடு எல்லையை மூடியது. சரக்கு லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன, தக்காளி அழுகியது, பட்டாளம் கிளம்பியது. ஜனங்கள் தெருவில் கொடி பிடித்து ஆடினார்கள். ஆளுங்கட்சி அமோகமாக ஜெயித்தது.

மந்திரி தோற்றது வீட்டில்தான். "நல்ல மனுஷனைத் துரத்திட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டதோடு சரி, மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. சிரிப்பு அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை.

ஜெயித்த கையோடு பிரதமர், "போதும்யா, சமாதானமாப் போயிடு" என்றார். மந்திரி ஒப்புக்கொண்டு, அந்த நாட்டுக்கு ரகசியமாக ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார்: அடுத்த தூதர் சிரிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும்.

வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார். பூட்டிய கதவு போல முகம். வரவேற்பு விருந்தில் மந்திரி நிம்மதியாக ரொட்டியைப் பிய்த்தார்.

மேஜையின் அந்தக் கோடியிலிருந்து அதே சிரிப்பு!

"ஐயோ, வயிறு வலிக்குதே!" மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இந்தம்மா பழைய ஆளையே தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க போல!"

அம்மையார் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. எதிரே இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரி மொழிபெயர்ப்பாளரைக் கதவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "அப்படி என்னதான்யா சொல்லுது அந்தம்மா?"

"மழை லேட்டாகுதுன்னாங்க சார். பழைய தூதரும் எப்பவும் அதையேதான் சொல்வாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர் வெட்கத்தோடு. "அதை அப்படியே மொழிபெயர்த்தா, அம்மாவுக்கு எப்படி சார் சிரிப்பு வரும்?"